நாலாவது வரியில் கிடந்த விதி

ஆபீசில் அவளை நேரில் கூப்பிடுவது அக்கா என்று. முதுகுக்குப் பின்னால் சுவரக்கா. பட்டப்பெயர் வைத்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும், கோபப்பட்டதில்லை. எவர் எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினாலும் அவள் வாயில் முதலில் வருவது, இங்கே ஒரு சுவர் இருக்கணுமே, எங்கே என்பதுதான். சுவர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவாள். அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. மீசை வைத்த ஆள் ஒருவர் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததாகக்கூட ஒரு பேச்சு இருந்தது.

கிட்னி போனவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்வார்களே, அந்த டயாலிசிஸ் மையங்கள் பதினாலுக்கு முறை போட்டுக் கொடுப்பது அந்த ஆபீசின் பிழைப்பு. யார் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் படுக்க வேண்டும் என்பதுதான் முறை. நோயாளியின் போனிலும் மையத்து ஸ்க்ரீனிலும் தெரிவது வெறும் மேல்பூச்சு. அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் சர்வரில் உட்கார்ந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிற சர்வீஸ்கள் முழுக்க அவள் பொறுப்பு.

அவள் படித்து அந்த நாற்காலிக்கு வந்தவள் இல்லை. முதல் மையம் திறந்தபோது வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டு கிழிந்தது, கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க வந்தவன் பாதியில் போய்விட்டான். அவன் விட்ட இடத்திலிருந்து தானே பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி முதல் புரோகிராமை எழுதினாள். ஒரு மெஷின் கெட்டுப்போனால் அன்றைக்கு முறை உள்ளவர்களில் யாரை நாளைக்குத் தள்ளலாம் என்று தேடிக் கொடுக்கிற புரோகிராம் அது. எழுதி முடித்த அன்றைக்கு அங்கிருந்த தலைமை நர்ஸ் வந்து, எல்லாம் சரிம்மா, ஆனா கடைசியா சுத்தம் பண்ணி மூணு நாள் ஆனவங்களைத் தள்ளிடாதே, உடம்புல தண்ணி ஏறி மூச்சு முட்டிடும் என்று சொன்னார். அவள், நோயாளிகள் விவரமெல்லாம் சேர்ந்து கிடக்கிற டேட்டாபேசிடம் பட்டியல் கேட்கிற இடத்தில், மூன்று வரிக்குக் கீழே நாலாவதாக ஒரு வரி சேர்த்தாள். மூன்று நாள் ஆனவர் பட்டியலிலேயே வரமாட்டார். விஷயம் முடிந்தது.

அப்புறம் மையங்கள் பெருகின. ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலையில் எழுதினார்கள். ஒரு விதி ஸ்க்ரீனுக்குள் கிடந்தது, அதே விதி மெசேஜ் அனுப்புகிற இடத்தில் வேறு மாதிரி கிடந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுந்தது. அவள் தேடித் தேடிப் படித்து ஒரு முடிவுக்கு வந்தாள். விதியெல்லாம் நடுவில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். டேட்டாபேஸ், மெசேஜ் கம்பெனி, ஸ்க்ரீன் எல்லாம் வெளியே, இடையில் ஒரு சுவர். வெளியே இருப்பது நாளைக்கு மாறும், மாறட்டும். நடுவில் இருப்பதற்கு அவர்கள் பெயர்கூடத் தெரியக்கூடாது. எனக்கு இன்னது வேண்டும் என்று சுவரில் உள்ள ஜன்னல் வழியாகக் கேட்கும், வெளியே இருப்பவர் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கொள்கை. இதில் வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கடைசிவரை விடாமல் செய்வதற்கு ஒரு முரட்டுப் பிடிவாதம் வேண்டும், அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அவள் புருஷன் பஸ் டிரைவர். இவ விட்டா சோத்துக்கும் குழம்புக்கும் நடுவுல சுவர் கட்டுவா என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஒன்றரை வருஷம் எடுத்து எல்லாவற்றையும் அப்படி மாற்றி எழுதினாள். அங்கங்கே சிதறிக் கிடந்த விதிகளை ஒரு நோட்டில் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொன்றாக நடுவுக்குக் கொண்டுவந்தாள். பதினேழு விதி. அடுத்தவர் எழுதியதையெல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பார்த்தவள், தான் எழுதிய முதல் புரோகிராமை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நாலு வரியும் டேட்டாபேசிடம் கேட்கிற வரிகள்தானே, வெளிவேலைதானே என்று அப்படியே தூக்கி வெளிப்பக்கம் வைத்துவிட்டாள். பதினெட்டாவது விதி அதற்குள் இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் டேட்டாபேசை மாற்றவேண்டி வந்தது. பழையது வயசாகி இழுத்துக்கொண்டு கிடந்தது. மாற்றுகிற வேலை மாப்பிள்ளையிடம் போனது. நாற்பது வயதில் கல்யாணம் ஆகி, ஆன மறுவாரமே வேலைக்குச் சேர்ந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் வேலையில்லாமல் அலைந்த மனிதர். அதிகம் பேசமாட்டார், சொன்னதைச் செய்வார். பழைய வரிகளைப் பார்க்காதே, ஜன்னலில் என்ன கேட்டிருக்கிறதோ அதை மட்டும் படித்துப் புதிதாக எழுது என்பது அந்த ஆபீசில் வழக்கம். வழக்கத்தை உண்டாக்கியவளும் அவள்தான். ஜன்னலில் அவள் கைப்பட எழுதியிருந்தது: இன்று முறை உள்ளவர்களைக் கொடு. மாப்பிள்ளை அதைப் படித்தார், இன்று முறை உள்ளவர்கள் எல்லோரையும் கொடுக்கிற மாதிரி எழுதினார். மூன்று வரி.

சோதித்தும் பார்த்தார்கள். சோதனைக்கென்று நிஜ டேட்டாபேஸ் வைப்பதில்லை, ஒரு பொம்மையை வைப்பார்கள். பொம்மைக்குள் நாலு கற்பனை நோயாளிகள். நாலு பேரும் முந்தாநாள் ரத்தம் சுத்தம் செய்தவர்கள். பொம்மையைத் தயார் பண்ணியதும் அவள்தான். சோதனை எல்லாம் பச்சை விளக்கு. மாப்பிள்ளை எழுதியதைப் பார்த்து, ரொம்பச் சுத்தம் என்று அவளே குறிப்பு எழுதி அனுமதி கொடுத்தாள். அவளிடம் அந்த இரண்டு வார்த்தை வாங்கியவர்கள் ஆபீசில் மூன்று பேர்தான். மாப்பிள்ளை அதைப் போனில் படம் எடுத்து வீட்டில் காட்டியிருக்கிறார்.

மூன்றாவது வாரம் ஒரு மையத்தில் மெஷின் கெட்டது. மறுநாள் தண்ணீர் சுத்தம் செய்கிற பகுதியும் கெட்டது. ஒரு தையல்காரர், வாரம் இரண்டு முறை வருகிறவர். அன்றைக்கு அவருக்கு மூன்றாவது நாள். உங்கள் முறை நாளைக்கு மாற்றப்பட்டுள்ளது என்று மெசேஜ் போனது. நாலாவது நாளும் அதே மெசேஜ். மனிதர் சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டிலேயே இருந்தார். ஐந்தாவது நாள் காலையில், சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தபோதே மூச்சு முட்டிச் சரிந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிப் படுக்கவைத்தார்கள்.

ஆபீஸ் ஆடிப்போனது. விசாரித்து ஒரு வாரத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு வரியை யார் எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். எடுத்துப் பார்த்தார்கள். மூன்று வரிக்கும் பக்கத்தில் மாப்பிள்ளை பெயர். பழைய வரிகள் பழைய டேட்டாபேசோடு சேர்த்து ஓரமாகக் கட்டிப் போட்டாகிவிட்டது, அதை யாரும் தேடவில்லை. பெயர் கிடைத்தாகிவிட்டதே, அப்புறம் எதற்குத் தேடுவார்கள். மாப்பிள்ளைக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் ஏதோ பாக்காம விட்டிருக்கேன் போல என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு மனிதன் தன் வாயாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

விசாரணை தொடங்கிய இரண்டாவது நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் ஆனவரைத் தள்ளக்கூடாது என்ற விதி எங்கே போனது என்று நோட்டை எடுத்துப் பதினேழையும் விரல் வைத்துப் பார்த்தாள். இல்லை. கட்டிப் போட்டதைப் பிரித்தாள். நாலாவது வரி, பக்கத்தில் அவள் பெயர், பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதி. அவளே திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய வேலை. வேறு எவராவது விதியை அப்படி டேட்டாபேசுக்குள் சொருகி வைத்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னொரு ஆஸ்பத்திரிக் குழுமத்தின் வேலை முழுவதும் அவள் கைக்கு வர இருந்தது, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அத்தனை பேரை அழவைத்த வாய்.

தெரிந்த மூன்றாம் நாள் சாயங்காலம், புருஷன் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவன் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்த ஆளுக்கு வேலை போகுமா?"

"போகும்."

"நீ சொன்னா உனக்குப் போகுமா?"

"வேலை போகாது. மரியாதை போகும்."

"அப்புறம் என்ன கேக்க வந்த என்கிட்ட? வேண்டாம்னு நான் சொல்லணுமா?"

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அவன் தட்டைப் போட்டுக்கொண்டு தானே எடுத்து வைத்துச் சாப்பிட்டான். கல்யாணம் ஆன இருபது வருஷத்தில் அவன் அவளைக் கிண்டல் பண்ணாமல் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுநாள் அறிக்கைக்கான கூட்டம். நீள மேஜை, சுவரில் பெரிய திரை, திரையில் மாப்பிள்ளை பெயரோடு மூன்று வரி. மாப்பிள்ளை கதவோரமாக, தப்பித்து ஓடுகிறவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் காரியம் சீக்கிரம் முடியவேண்டும் அவருக்கு. அவர் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்து, தன் கம்ப்யூட்டரைத் திரையில் மாட்டி, பழைய நாலு வரியைப் போட்டாள். நாலாவது வரியை விரலால் காட்டினாள்.

"விதி இங்க இருந்துச்சு. இருக்கக்கூடாத இடம். வச்சது நான். ஜன்னல்ல கேள்வியை எழுதினதும் நான், அதுல இதைக் கேக்கவே இல்லை. அவர் கேட்டதைக் கொடுத்திருக்கார். சோதனைப் பொம்மையும் நான் பண்ணினதுதான். அவரோட வேலையில தப்பு கிடையாது."

மேனேஜர் மெதுவாக, அக்கா, இதை நாம தனியாப் பேசிக்கலாமே என்றார். தனியாகப் பேசினால் அறிக்கையில் மாப்பிள்ளை பெயர்தான் போகும், அதனால் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் உட்காராமலே நின்றாள். எழுதிக்கொண்டார்கள். வேறு வழி.

கூட்டம் கலைந்தபின் மாப்பிள்ளை அவள் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இரண்டாவது நாள்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "மூணு நாள். மூணு நாளா என் மூஞ்சியப் பாத்துட்டே டீ குடிச்சிருக்கீங்க. வீட்டுல அவ என்கிட்ட, ஒரு மனுஷனைக் கொல்லப் பாத்தியான்னு கேட்டா, அக்கா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் வேலை விஷயம் தவிர அவளிடம் பேசுவதில்லை. அவளும் போய்ச் சமாதானம் பேசவில்லை.

புது ஆஸ்பத்திரி வேலை வேறொருவர் கைக்குப் போனது. அவள் பதினெட்டாவது விதியை நடுவில் எழுதினாள். பொம்மைக்குள் மூன்று நாள் ஆன ஒருவரையும், நாலு நாள் ஆன ஒருவரையும் படுக்கவைத்தாள். எழுதியதை மாப்பிள்ளையிடமே அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னாள். அவர் இரண்டு இடத்தில் குறை கண்டு திருப்பி அனுப்பினார். இரண்டும் நியாயமான குறை. திருத்தினாள்.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாவது நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஆபீசிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் போனாள். மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். காலெல்லாம் வற்றிக் குச்சியாக இருந்தது. கட்டில் ஓரத்தில் அவர் பெண்டாட்டி உட்கார்ந்து தலையணை உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் தான் யாரென்று சொன்னாள். சுற்றி வளைக்காமல், முறை போடுகிற கம்ப்யூட்டரில் தான் ஒரு விஷயத்தைத் தப்பான இடத்தில் வைத்ததையும், அதனால் அவர் தள்ளப்பட்டதையும் சொன்னாள்.

அந்தப் பெண் தையல் பிரிப்பதை நிறுத்தினார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"நாலாவது நாளே மூச்சு வாங்குதுன்னார். கிளம்புவோம்னேன். இல்ல, மெசேஜ்ல நாளைக்குன்னு போட்டிருக்கு, அவங்களுக்குத் தெரியாதான்னு சொல்லிட்டார்."

அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"இப்பச் சரி பண்ணியாச்சா?"

"இதைச் சரி பண்ணிட்டேன்."

"அப்ப இனிமே மெசேஜ் வந்தா நம்பலாமா?"

நம்பலாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வாய்வரை வந்தது. கட்டிலில் கிடந்த காலைப் பார்த்தாள்.

"நம்பாதீங்கம்மா. மூணு நாள் ஆயிடுச்சுன்னா, மெசேஜ் என்ன சொன்னாலும் சரி, கிளம்பி மையத்துக்கு வந்துடுங்க. எவனாவது போகச் சொன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"உங்க நம்பர்?"

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்துச் சரிதானா என்று கேட்டு, நாலாக மடித்துப் புருஷனின் தலைமாட்டில் தலையணைக்கு அடியில் வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. அவள் இன்னும் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள்.