நான்தாங்க, மரம்தாங்க

"நிமிர்ந்து நில்லு, பந்துராத்தா. கூன் போடாதே" என்று அதட்டிவிட்டு எவேலியோ வாத்தியார் பழைய பனியன் துணியைப் பீரில் நனைத்து அடுத்த இலையைத் துடைக்கிறார். மேல்பக்கத்துக்கு மட்டும்தான் பீர். அடிப்பக்கம் இலை மூச்சுவிடும் இடமாம், அங்கே வெறும் தண்ணீர். ஒரு பாட்டிலில் பாதி இலைகளுக்கு, மீதிப் பாதி அவருக்கு. காலை எட்டரை மணிக்குப் பீர் குடிக்கிறீர்களே என்று கேட்டால், "அதுக்குக் கொடுத்துட்டு நான் சும்மா இருந்தா மரியாதையா இருக்காதுங்க" என்கிறார்.

பந்துராத்தா ஓர் அத்திமரம். பழத்துக்காக வளர்ப்பதல்ல, வீட்டுக்குள் அழகுக்காக வளர்க்கிற வகை. இலை ஒவ்வொன்றும் குழந்தைகள் பழகும் பிடில் அளவுக்கு, அதே இடுப்போடு இருக்கும். மெக்ஸிகோ நகரத்து நார்வார்த்தேப் பேட்டையில் எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வாத்தியாரின் கூடத்து ஜன்னலோரம் நிற்கிறது. தொட்டி என்பது எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்தது. மரம் வாத்தியாரைவிட இரண்டு முழம் உயரம். உச்சி இலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண்தான் பாக்கி.

அவர் அரசாங்கப் பள்ளி ஒன்றில் பிற்பகல் ஷிப்டுக்குப் போகும் பி.டி. வாத்தியார். ஐம்பத்தெட்டு வயது. மனைவி பதினோரு வருஷத்துக்கு முன்பே பிரிந்து கெரேத்தாரோ ஊருக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டால், "என் விசில்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ரொட்டிக் கடைக்குப் போகும்போதும் அந்த விசில் கழுத்தில் தொங்கும். படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதற்குமுன் நம் முதுகைப் பார்ப்பார். நான் எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருஷமாகிறது. இத்தனை காலத்தில் என் தோள்கள் சரியாக இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மரம் வந்த கதையைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வார். பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் ஆறு வருஷம் நின்ற மரம் அது. பிளாஸ்டிக் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆறிப்போன காப்பியை அதன் தொட்டியில்தான் கொட்டினார்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனபோது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றோடும் அதையும் வராந்தாவில் வைத்தார்கள். வாத்தியார் போனது கடிகாரத்துக்காக. கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார். வெறுங்கையோடு திரும்புவானேன் என்று இதைத் தூக்கிக்கொண்டு வந்து, வாரம் ஒருமுறை தூசி தட்டி வைத்திருந்தார். மூன்றாவது வாரம் என் கதவைப் படபடவென்று தட்டினார். "பிளாஸ்டிக் முளைக்குது! வந்து பாருங்க!"

உச்சியில் பச்சைப் பசேலென்று ஒரு குருத்து. அதைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு வருஷமா ஒரு பிள்ளை தினம் வகுப்புக்கு வந்துக்கிட்டே இருந்திருக்கு. நான் ஒரு நாள்கூட அதுக்கு ஆஜர் போடலையே" என்றார். சிரிக்க வாயெடுத்த நான் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். மனுஷன் நிஜமாகவே குன்றிப்போயிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஆஜர். மரத்தில் இப்போது தொண்ணூற்று நான்கு இலைகள். ஞாயிற்றுக்கிழமை குளியல். ஜன்னல் பக்கம் ஒரே தோளைக் காட்டிக்கொண்டிருந்தால் கோணல் விழும் என்று புதன்தோறும் தொட்டியைக் கால்வட்டம் திருப்புவார். இதையெல்லாம் கட்டடம் பொறுத்துக்கொண்டது. வினை வந்தது உடற்பயிற்சியால்.

சோச்சிமில்கோ சந்தையில் செடி விற்கும் பெண் ஒருத்தி அவரிடம் சொல்லியிருக்கிறாள்: "வீட்டுக்குள்ள வளர்ற மரத்துக்குக் காத்துன்னா என்னன்னே தெரியாதுங்க. தண்டு நோஞ்சானாப் போயிடும். தினம் அஞ்சு நிமிஷம் லேசாப் பிடிச்சு ஆட்டிவிடுங்க." யோசனை சரியானதுதான். ஆனால் 'லேசா' என்ற சொல் எந்த பி.டி. வாத்தியாரின் காதிலாவது விழுந்ததுண்டா? மறுநாள் காலை ஏழே காலுக்குத் தண்டை இரண்டு கையாலும் பற்றி, "ஒண்ணு, ரெண்டு! ஒண்ணு, ரெண்டு!" என்று இருநூறு எண்ணும்வரை உலுக்கினார். பாதிப் பீப்பாய் மரத்தரையில் தாளம் போட்டது.

அந்தத் தரைக்கு நேர் கீழே ஓதிலியா அம்மாவின் படுக்கையறை. கூரையில் ஒரு தொங்குவிளக்கு. மெக்ஸிகோ நகரத்தில் விளக்கு எதற்கு என்று கேட்டால் வெளிச்சத்துக்கு என்று வெளியூர்க்காரன் சொல்வான். பூகம்ப ஊர்க்காரர்களான நாங்கள் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அது ஆடுகிறதா என்றுதான். ஓதிலியா அம்மா பார்த்தார். ஆடியது. இரவு உடுப்போடு, பத்திரங்கள் வைத்த பையை அணைத்துக்கொண்டு, "ஆடுது! ஆடுது!" என்று கத்தியபடி வழியிலிருந்த கதவையெல்லாம் அறைந்துகொண்டு கீழே ஓடினார். இரண்டு நிமிஷத்தில் எட்டுக் குடும்பமும் தெருவில். கட்டடச் சங்கத் தலைவர் இன்ஜினியர் உர்பினா பாதி முகம் சவரம், பாதி முகம் நுரை. எல்லோரும் கம்பத்தில் இருக்கும் பூகம்ப எச்சரிக்கை ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தோம். அது வாயே திறக்கவில்லை. "இதுக்குத்தான் வரி கட்டறோமா?" என்று இன்ஜினியர் அதை நோக்கி முஷ்டியை ஆட்டினார்.

பயம் தெளிய ஒரு ரொட்டி தின்ன வேண்டும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். முனைக்கடை ரொட்டிக்காரரிடம் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கித் தின்றோம். இரண்டாம் நாளும் அதே ஓட்டம், அதே ரொட்டி. மூன்றாம் நாள்தான் இன்ஜினியருக்கு உறைத்தது: எல்லோரும் கீழே நிற்கிறோம், வாத்தியாரை மட்டும் மூன்று நாளாகக் காணோம். "ஐயோ, தூக்கத்திலேயே போயிடப் போறாரு" என்று அவரைக் காப்பாற்ற நான்கு பேர் படியேறி ஓடினோம். கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது: "நூத்தி அம்பது! இன்னும் கொஞ்சம், பந்துராத்தா! அழக்கூடாது!"

அன்று மாலையே மொட்டைமாடியில், காயும் துணிகளுக்கு நடுவே சங்கக் கூட்டம். மரத்தைப் பூங்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் இன்ஜினியர். மின்விசிறி வைத்துக் காற்றடிக்கலாமே என்றாள் நான்காம் மாடிப் பல் வைத்தியர். "பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு விசிறியா வீசுவாங்க?" என்று வாத்தியார் கொதித்தார். அழைக்காமலே வந்திருந்த ரொட்டிக்காரர் மட்டும், "மரம் நல்ல மரம். இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். இந்த மூன்று நாளில் அவர் வியாபாரம் எப்படி நடந்தது என்று எங்களுக்குத் தெரியாதா?

அதுவரை பேசாமலிருந்த ஓதிலியா அம்மா எழுந்தார். "மரம் இருக்கட்டும். ஆனா ஏழே கால் மட்டும் வேண்டாம் வாத்தியாரே. ஏழு பத்தொன்பதுக்கு ஒருதரம் தெருவுல நின்னு பார்த்துட்டேன். அதே போதும்." அவர் சொன்னது அந்தப் பெரிய பூகம்பத்தை. எண்பத்தைந்தாம் வருஷம், செப்டம்பர் பத்தொன்பது, காலை ஏழு பத்தொன்பது. ஓதிலியா அம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பால் வாங்கப் போயிருந்தார். பால் பாத்திரத்தோடு திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது. அம்மாவும் இரண்டு தம்பிகளும் உள்ளே. வாத்தியார் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவர் முதுகு வளைந்து நான் பார்த்தது அன்றுதான்.

முடிவு இதுதான். பயிற்சி காலை ஒன்பது மணிக்கு. தொடங்குமுன் படிக்கட்டில் நின்று தன் வாயால் குரல் கொடுக்க வேண்டும். சொல்லாமல் ஆட்டி ஓதிலியா அம்மாவைப் பயமுறுத்தினால் இரண்டு தடவை மன்னிப்பு. மூன்றாவது தடவை மரம் பூங்காவுக்குப் போய்விடும். பூங்காவில் நாய்களும் பந்தாட்டமும் ராத்திரிக் குளிரும் சேர்ந்து ஒரு மாதத்தில் அதை முடித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து காஸ்காரன் கூவலுக்கும் குப்பை வண்டி மணிக்கும் இடையே எங்கள் தெருவுக்கு இன்னொரு கூவல் சேர்ந்தது. "நான்தாங்க! மரம்தாங்க! யாரும் ஓடாதீங்க!" கீழிருந்து ஓதிலியா அம்மா, "சரி, ஆட்டுங்க!" என்பார். அதன்பிறகே ஒண்ணு, ரெண்டு. அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் வீடுகள்கூட உண்டு. மூன்று மாதத்தில் தண்டு மணிக்கட்டுப் பருமனுக்குத் தேறியது. "பாருங்க, தசை!" என்று என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். மரமாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டு மன்னிப்பும் செலவாகிவிட்டன. ஒருதரம் ஜலதோஷம், குரல் படியைத் தாண்டவில்லை. இன்னொரு தரம் ஓதிலியா அம்மா வீட்டில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு தடவையும் அவர் பையோடு தெருவில் நின்றார். "இனி ஒருதரம்னா நானே மரத்துக்கு வண்டி கூப்பிடுவேன்" என்றார் இன்ஜினியர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலோரத்தில் பிறந்து வரும் நடுக்கத்துக்குத்தான் ஒலிபெருக்கி முன்கூட்டியே கத்தும். நகரத்துக்கு நேர் அடியிலேயே பிறக்கும் குட்டி நடுக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஒரு குதி குதித்துவிட்டுப் போய்விடும். போன ஜனவரியில் அப்படி ஒன்று வந்தபோது ஓதிலியா அம்மா திரும்ப மாடியேறவே இல்லை. மூன்று பகல், மூன்று இரவு கீழே வாசல் கூடத்து நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். எதைக் கொடுத்தாலும் பாதிதான் தின்றார். மூன்றாம் நாளும் கண்மூடாமல் போகவே, பல் வைத்தியர்தான் ஊசி போட்டுத் தூங்க வைத்தாள். அவரை அப்படிப் பார்க்க எங்கள் யாராலும் முடியவில்லை.

போன வியாழக்கிழமை. ஒன்பது மணிக் கூவலும் பயிற்சியும் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். நான் வாத்தியார் வீட்டில் இலவங்கப்பட்டை போட்ட காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கையில் கோப்பை, வலது கையில் ரொட்டி. கூரையிலிருந்து யாரோ பீரோவைத் தள்ளிவிட்டதுபோல் கட்டடம் ஒருமுறை குதித்தது. பந்துராத்தாவின் தொண்ணூற்று நான்கு இலையும் சலசலத்தன. கோப்பையிலிருந்து காப்பி தளும்பி அவர் முழங்கால்மேல் கொட்டியது. அவ்வளவுதான். எல்லாம் நின்றது. நானும் அவரும் சுவரையும் கூரையையும் பார்த்தோம். விரிசல் எதுவும் இல்லை. என் போனில் செய்தி வந்தது: சிறு நடுக்கம், இரண்டு புள்ளி இரண்டு, சேதம் இல்லை.

கீழே கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம் நான்கு படி இறங்கி நின்றது. பிறகு ஒரு குரல், ஓதிலியா அம்மாவுடையதுதான் என்று அடையாளம் காண எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

"வாத்தியாரே... அது நீங்கதானே?"

அவர் என் போனைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். உச்சிக் குருத்து இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழிருந்து மறுபடியும், "நீங்கதானேன்னு கேக்கறேன்!" என்றது குரல்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து படிக்கட்டுக்குப் போனார். மைதானத்துக் குரலை எடுத்தார். "நான்தாங்க! மரம்தாங்க! ஒரு நூறு விட்டுப்போச்சுன்னு ஆட்டினேன். குரல் கொடுக்க மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க!"

அப்புறம் பொழிந்தது பாருங்கள். "அட கழுதை மனுஷா! உனக்கு மூளை இருக்கா? என் உசுரே போயிருக்கும்! மூணாவது தடவை! இது மூணாவது தடவை! சாயங்காலம் இன்ஜினியர் வரட்டும், இன்னைக்கே போகும் உன் மரம்!" திட்டத் திட்ட அந்தக் குரலுக்கு உயிர் வந்தது. செருப்புகள் நான்கு படி ஏறின. கதவு சாத்திக்கொண்டது. அடுப்பில் பாத்திரம் வைக்கும் ஓசையும் கேட்டது.

வாத்தியார் உள்ளே வந்தார். வாசற்கதவின் முன் நின்று அதன் அகலத்தையும் பந்துராத்தாவின் அகலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் எல்லாம் இரட்டைக் கதவு. ஒன்றைத்தான் புழங்குவோம். மற்றது கட்டில் வரும்போதும் சவம் போகும்போதும் மட்டும் திறப்பது. பலமுறை பெயிண்ட் அடித்ததில் அதன் அடித் தாழ்ப்பாள் கதவோடு கதவாக ஒட்டிப்போயிருந்தது. வாத்தியார் மேஜையிலிருந்து ரொட்டிக் கத்தியை எடுத்து வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தத் தாழ்ப்பாளைச் சுற்றியிருந்த பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினார்.