மடையா, கிடாத்தலையா

எம்.ஏ. வகுப்பில் இப்போது முதல் உலகப் போர் ஓடுகிறது. போர் ஏன் மூண்டது என்பதற்கு ஒரு வரலாற்றாசிரியர் ஜெர்மனியின் பேராசையைச் சொல்கிறார். இன்னொருவர், கூட்டணிகள்தான் எல்லோரையும் உள்ளே இழுத்துப் போட்டன என்கிறார். சுடப்பட்ட இளவரசரை விட்டு நகராதவர்களும் உண்டு. நூறு வருஷம் தாண்டியும் வழக்கு முடியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இதைப் படிக்கும்போது எனக்கு நினைவு வருவதோ, அபிராமம் பக்கத்து எங்கள் ஊரும், என் அப்பாவான அய்யாவும், அவருடைய அண்ணனான பெரியய்யாவும்தான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் நான் பிறக்கும் முன்பிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. மழை பொய்த்த வருஷம் கண்மாய்த் தண்ணீர் எங்கள் வயலுக்கு முறை வந்த அன்று, பெரியய்யா மடையை அடைத்துவிட்டார் என்பது அய்யா கட்சி. குலசாமிக்கு வெட்டிய கிடாயின் தலை மூத்த பங்காளி வீட்டுக்குப் போக வேண்டும்; அதை அய்யா எங்கள் வீட்டிலேயே குழம்பு வைத்துத் தின்றுவிட்டார் என்பது பெரியய்யா கட்சி. எது முந்தி நடந்தது என்பதிலும் ஒற்றுமை கிடையாது.

நான் ஏழாவது படிக்கையில் பெரியய்யாவுக்கு ஈரல் கெட்டுப்போனது. மதுரையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “ஒரு எட்டு பாத்துட்டு வந்தா என்ன கொறஞ்சிரும்?” என்று அம்மா விடாமல் கேட்டாள். ஒருநாள் அய்யா சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரியய்யா பாதி ஆளாகக் கட்டிலில் கிடந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

“நீ மட்டும் அன்னைக்கு மடைய அடைக்காம இருந்திருந்தா, இத்தன வருசம் வீணாப் போயிருக்காதுண்ணே,” என்றார் அய்யா, பாசமாகத்தான்.

பெரியய்யா கண்ணைத் திறந்தார். “மடையாலயா? ஏலே, தலைக்கறி தின்ன வாயி பேசுது பாரு.”

“அது மடைக்குப் பெறகுல்ல நடந்துச்சு.”

“பெறகா? சாகப்போறவங்கிட்டயுமாலே பொய் சொல்லுவ?”

அய்யா காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டார். “தம்பி, குடிச்சிட்டாச்சும் போங்க,” என்று பெரியம்மா தெருவரைக்கும் வந்து கூப்பிட்டாள்.

அந்த வாரமே பெரியய்யா போய்விட்டார். பேச்சு இல்லாவிட்டாலும் பங்காளிக்குத் தீட்டு உண்டு; அய்யா மொட்டை போட்டுக்கொண்டார். சுடுகாட்டில் சிதை எரிந்துகொண்டிருக்க, கூட உட்கார்ந்திருந்தவர்களிடம் மடைக் கதையைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அய்யா ஜெயித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் நிறுத்தி, யாரோ மறுத்துப் பேசக் காத்திருப்பவர் போல நெருப்புப் பக்கம் ஏன் திரும்பிப் பார்த்தார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.