யாழ்ப்பாணத் தூள் அல்ல

“பயனாளி: திருமதி பிறிசில்லா. வாவிசார் மீனவக் குடும்பம். பாரம்பரியக் கறித்தூள் செய்முறையைப் பேணிவரும் கிராமியப் பெண். இணைய அறிவு: இல்லை.”

சிறுகைத்தொழில் திட்டமொன்றின் அறிக்கையில், படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது. படம் மட்டும் அவளுடையது.

பிறிசில்லா மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பெண், தச்சரின் மகள். தோணியில் ஏறினாலே தலை சுற்றும். கல்யாணத்துக்கு முன் நெட் கபேயில் வேலை பார்த்து, பாதி ஊருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவள். அறிக்கை பாரம்பரியம் என்னும் அந்தக் கறித்தூளை, இரண்டு முறை கெடுத்த பிறகு அவளாகவே கண்டுபிடித்தாள்.

தூளை வறுத்து இடிப்பது பழுகாமம் கிராமத்துத் தனுஷா. விற்பது பிறிசில்லாவின் இணையக் கடை. கடை அழகாகத்தான் இருந்தது, ஆள்தான் வரவில்லை. தனுஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்குள் ஓடர் கூடாவிட்டால், மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவு.

கடையை இணையத் தேடலில் மேலே கொண்டுவர மதுஷன் வந்தான்; அதையே தொழிலாகப் படித்தவன்.

“அன்டி, கனடாவில, ரொறன்ரோவில இரிக்கிற நம்மட ஆக்கள் ஒருத்தரும் மட்டக்களப்புத் தூள் எண்டு தேடுறல்ல. யாழ்ப்பாணத் தூள் எண்டுதான் தேடுறாங்க. தலைப்பில அதப் போடுங்க.”

“அது பொய்தானே மகன்?”

“போடுங்கக்கா,” என்றாள் தனுஷா. “கறிக்குள்ள போனா தூளுக்கு ஊர் இரிக்கா?” அவள் சிரிக்கவில்லை.

பிறிசில்லா போட்டாள். கடை முதற்பக்கத்துக்கு ஏறியது. ஓடர்கள் வந்தன, பின்னாலேயே வசவும் வந்தது. உறைப்புக் காணாது, நிறம் காணாது, இது எங்கட தூளே இல்லை. கறிக்குள் போன பிறகும் ஊரைக் கண்டுபிடிக்கும் நாக்குகள் ரொறன்ரோவில் நிறைய இருந்தன. ஒற்றை நட்சத்திரங்கள் விழ விழ, கடை ஏறியதைவிட வேகமாக இறங்கியது.

“இப்ப என்னக்கா செய்யிற?”

“உள்ளதச் சொல்லுற புள்ள.”

“சரி. அப்ப நான் உடுப்ப அடுக்கிறன்.”

தான் சொல்லப்போகும் உண்மைக்கு விலை கொடுக்கப்போவது தனுஷா என்பது பிறிசில்லாவுக்குத் தெரியும். அதனால்தான் சிறிய பக்கமொன்றை எழுத அவளுக்கு ஒரு கிழமை பிடித்தது. தலைப்பு: “இது யாழ்ப்பாணக் கறித்தூள் அல்ல.” கீழே: உறைப்புக் குறைவு, வறுத்த அரிசி சேர்த்தது, வாவி இறாலுக்கும் பால்கறிக்கும் நல்லது, ஆட்டிறைச்சிக்கு வேண்டாம், யாழ்ப்பாணத் தூள்தான் வேண்டுமென்றால் தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

யாழ்ப்பாணத் தூளைத் தேடியவர்களின் முன்னால் தேடுபொறி அந்தப் பக்கத்தையே கொண்டுபோய் வைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒழுங்காக எழுதிய பக்கம் வேறு இருக்கவில்லை போலும். வாங்காதே என்று சொல்லும் கடையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களில் சிலர் வாங்கினார்கள். இந்த முறை அவர்கள் திட்டவில்லை, திரும்ப வந்தார்கள்.

“பாத்தீங்களா அன்டி, நான் சொன்ன சொல்லுத்தானே!” என்றான் மதுஷன். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தது உண்மைதான்.

நத்தாருக்கு முந்திய கிழமை, இடிக்க இன்னொரு ஆள் வேண்டுமென்று தனுஷா சண்டை பிடித்தாள். குவைத்துப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த அறிக்கையிலும் பிறிசில்லா மீனவப் பெண்தான். அறிக்கை சொல்லாத, அவள் உண்மையில் செய்த காரியம் இது: தன் தூள் எதுவல்ல என்பதைத் தலைப்பில் எழுதினாள், யார் அதை வாங்க வேண்டாம் என்பதைக் கீழே எழுதினாள்.