ஆறாம் லயத்து இரைச்சல்

இருளப்பனைக் கஞ்சன் என்று சொல்லலாம், முன்கோபக்காரர் என்று சொல்லலாம். மனிதர் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார். ஆனால் "அண்ணே, ஒங்க செட்டு இரையுதே" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னவன் வீட்டுச் சடங்குக்கு அதற்குப் பிறகு ஸ்பீக்கர் ஏறாது. அவ்வளவு ரோஷம்.

கொடகவெலைக்கு மேலே நீலகலத் தோட்டத்தில் 'லெட்சுமி சவுண்ட்ஸ்' என்றால் அவர்தான். காலையில் றப்பர் பால் வெட்டு, மற்ற நேரமெல்லாம் மைக் செட். லெட்சுமி அவர் மனைவி. இன்னும் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துப் போடுகிறாள்; அவள் அனுப்பிய காசில் வாங்கியதுதான் எட்டு மைக்கை ஒன்றாக்குகிற எட்டு வாய் மிக்சர். அந்தப் பக்கத்துத் திருவிழா, கல்யாணம், கருமாதி, மே தினம் எல்லாமே முப்பது வருடமாக அவர் கைவழியாகத்தான் ஊருக்குக் கேட்டிருக்கிறது. யார் குரலை ஏற்றுவது, யார் குரலை இறக்குவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் மட்டும் மைக்கில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவருடைய காதுக்கே கேடு வந்தது.

ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஆறாம் லயத்தில் கடைசிக்கு முந்திய காம்பராவில் தனியாக இருந்தார். இரண்டு மாதமாகத் தலையைச் சாய்த்தால் போதும், எங்கேயோ மலையிலிருந்து குழாய் வழியாகப் பீலித் தண்ணீர் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கேட்டது, அந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டது. வெளியே போனால் இல்லை. வெளியேதான் எந்நேரமும் அவருடைய ஸ்பீக்கரே அலறிக்கொண்டிருக்கிறதே, எங்கே கேட்கப் போகிறது! பெல்மதுளையில் ஒரு வைத்தியரிடம் போனார். வைத்தியர் காதுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, சத்தத்திலேயே கிடந்த நரம்பு, இனி இப்படித்தான் என்று துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். இருளப்பன் அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். காது போன மைக்காரனை எவன் கூப்பிடுவான்?

கடைசிக் காம்பரா ரோசம்மாவுடையது. கொழுந்தெடுக்கிறவள், மகளும் அவளும்தான். வீட்டுப் பின்சுவரில் ஒரு விரிசல் விழுந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் இருளப்பனின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, தரைக்குள்ள ஏதோ சத்தம் வருது. ஒங்களுக்குக் கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சத்தம், எப்போதிருந்து என்று பேச்சு நீளும், எங்கேயாவது வைத்தியரின் துண்டில் போய் முட்டும் என்று மனிதர் பயந்தார். இவளுக்கு மனப்பயம், எனக்குக் காது வருத்தம், இரண்டும் வேறு வேறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். காதை மறைக்கப் போய்ப் புத்தியையும் சேர்த்தா மறைக்க வேண்டும்?

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, ரோசம்மா."

அவள் விடவில்லை. தோட்டத்து ஆட்களின் குறைநிறையைப் பார்க்கிற வெல்பெயர் ஐயா ரொபர்ட்டிடம் போனாள். ரொபர்ட் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். இருளப்பனிடம் ஆளனுப்பி விசாரித்துவிட்டு, "பக்கத்துக் காம்பரா இருளப்பனே ஒண்ணும் கேக்கலங்கிறாரு. அவரு காது என்ன சும்மா காதா? ஒனக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?" என்றார். பைலில் 'சத்தம் எதுவும் இல்லை' என்று எழுதினார். விரிசலுக்கு ஒரு சட்டி சீமெந்து பூசச் சொன்னார். சுவர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மலைச்சரிவில் இருக்கிற லயங்களிலிருந்து ஆட்களை எடுத்துப் புது வீடுகளில் குடிவைக்கப் போகிறார்கள். முதல் தவணைக்குப் பன்னிரண்டு வீடு. எந்த லயம் முதலில் என்பதை வீடியோ அழைப்பில் பேசி முடிவெடுப்பார்கள். தோட்டம் அனுப்பிய பட்டியலில் முதலாவதாக நின்றது ரோட்டோரத்து இரண்டாம் லயம். அங்கே சுவரும் நேர், தரையும் நேர். காற்றோட்டம் போதாதாம்! தோட்டத்துச் சங்கத் தலைவர் ஐயாவு அங்கேதான் குடியிருந்தார் என்பது தற்செயல் என்று நாம் நம்ப வேண்டும். ஆறாம் லயம் பட்டியலின் வாலில் தொங்கியது.

கடிதத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர், தன் வீட்டுக்குள் இருந்தபடியே பேச வேண்டும். மற்ற லயங்களுக்குப் போன் போதும். ஆறாம் லயத்துக்காகப் பேச ரோசம்மா பேர் கொடுத்திருந்தாள், ஆனால் அந்த லயம் பள்ளத்துக்குள் இருந்ததால் அங்கே சிக்னல் எட்டாது. ரொபர்ட் இருளப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"லெப்டொப்புல மைக் சொருக ஒரே ஒரு ஓட்டதான் இருக்கு. தொர பேசணும், தலைவரு பேசணும், நான் மொழிபெயர்க்கணும், புள்ளைக வரவேற்புப் பாட்டுக்கு ரெண்டு மைக்கு, தப்பு மேளம், பென் டிரைவுல கீதம், அந்த ரோசம்மா வேற. எல்லாம் ஒரே நேரத்துல கொழும்புக்குப் போகணும். முடியுமா?"

"எட்டு வாய் இருக்குங்கய்யா. கணக்குச் சரி" என்றார் இருளப்பன்.

பெல்மதுளையில் றஊபின் ரேடியோக் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு சவுண்ட் கார்ட் வாங்கினார். மிக்சரிலிருந்து எல்லாக் குரலும் ஒன்றாகி அதன் வழியாக லெப்டொப்புக்குள் போகும். றஊப் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொல்லியனுப்பினார்: "கொழும்பு பேசுறது ஒங்க ஸ்பீக்கருக்கு வரட்டும், ஆனா திரும்பக் கொழும்புக்கே போயிடக் கூடாது. தான் பேசுனதத் தானே கேட்டா பெரிய மனுசங்களுக்குக் கோவம் வரும்." இருளப்பன் அதற்கென்று தனி வயர் போட்டார். ஆறாம் லயத்துக்குப் பதினொரு துண்டு வயரை டேப் சுற்றி ஒட்டி, தேயிலைக்குள்ளால் இழுத்தார். முழுத் தோட்டமும் கேட்க வேண்டும் என்பதால் பலா மரத்தில் புனல் ஸ்பீக்கர்களை ஏற்றினார். கூட்டம் என்றால் மரத்தில் ஸ்பீக்கர் ஏறியே ஆக வேண்டும். அது இல்லாமல் பேசினால் எந்தத் தலைவருக்கும் பேசின மாதிரியே இருக்காது.

தலைவர் ஐயாவுவுக்கோ தன் முன்னால் நான்கு மைக்காவது நிற்க வேண்டும். ஒன்றுதான் வேலை செய்யும், மற்ற மூன்றும் படத்துக்கு. அதனால் தோட்டத்தில் இருந்த ஸ்டாண்ட் அத்தனையும் மேடைக்கே போய்விட்டது. ரோசம்மாவின் மைக்குக்கு ஒன்று மிஞ்சவில்லை. "தரையில வச்சிரு. ஒன் பேரு சொல்றவரைக்கும் தொடாத" என்று இருளப்பன் சொல்லிவிட்டு வந்தார். அவளும் மாதா படத்துக்கு நேரே, வெறும் சீமெந்துத் தரையில், மைக்கை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மே மாத மழை இன்னும் வலுக்கவில்லை. பத்து மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் கூட்டம் தொடங்கியது. தொட்டில்களை ஓரங்கட்டி, அதற்கு மேலே பதாகை கட்டியிருந்தார்கள். சுவரில் விரித்த வெள்ளைச் சேலையில் கொழும்பு தெரிந்தது: மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் ஓர் இஞ்சினியர் அம்மா. இருளப்பன் எட்டு வாயையும் திறந்தார். பாட்டு போனது. தப்பு போனது. தோட்டத்து மேனேஜரான தொரை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் வணக்கம் சொன்னார், ரொபர்ட் அதைச் சிங்களத்தில் ஆறு நிமிடம் மொழிபெயர்த்தார். பிறகு ஐயாவு எழுந்து, தன் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார்.

தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதற்குள் இஞ்சினியர் அம்மா கையை உயர்த்தினார்.

"மொகக்த ஏ சத்தே?"

என்ன சத்தம் அது என்று கேட்கிறார். பேச்சு நின்றது. எல்லோருக்கும் கேட்டது. பலா மரத்து ஸ்பீக்கரில், மெல்லியதாக, விட்டுவிடாமல் ஓர் இரைச்சல்.

இருளப்பனுக்கு முகம் செத்துப்போனது. முப்பது வருடத்துப் பெயர்! ஐயாவு மேடையிலிருந்தே திரும்பினார்.

"என்னய்யா செட்டு இது? இரையுது!"

முழுத் தோட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, அவருடைய மைக்கிலேயே சொன்னார். இருளப்பன் மிக்சர்மேல் குனிந்தார். இரைச்சல் எந்த வாயால் வருகிறது என்று பிடிக்க ஒரே வழிதான் உண்டு, ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பது. பென் டிரைவை மூடினார். இரைச்சல் போகவில்லை. பிள்ளைகளின் இரண்டு மைக்கையும் மூடினார், தப்பை மூடினார். போகவில்லை. தொரையின் சட்டைக் காலரில் இருந்ததை மூடினார். தொரை அது தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், வாய் மட்டும் அசைந்தது. ரொபர்ட்டை மூடினார்.

ஐயாவுவின் வாய்க்கு வந்தபோது விரல் ஒரு கணம் தயங்கியது. அந்த மனிதரை யாரும் இதுவரை மூடியதில்லை. மூடினார். ஐயாவு நான்கு மைக்கையும் தட்டித் தட்டிப் பார்த்தார். பிள்ளைக்காம்பராவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இரைச்சல் இப்போது தெளிவாகக் கேட்டது. ரோசம்மா வீட்டு மைக், எட்டாவது வாய், மட்டும் திறந்திருந்தது. தூரத்தில் பீலித் தண்ணீர் விழுகிற மாதிரி, நடுநடுவே கொடகொடவென்று கல் உருள்வது போல.

இருளப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். இது என் காதுக்குள் கேட்கிற சத்தம் அல்லவா? இவ்வளவு பேருக்கும் கேட்கிறதே! அப்படியானால் என் காதுக்கு ஒன்றும் இல்லையே!

அடுத்த மூச்சில் ரோசம்மாவிடம் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. எட்டாவது வாயை மூட விரலைக் கொண்டுபோனார்.

"எப்பா! வஹன்ட எப்பா!" என்று கத்தினார் இஞ்சினியர் அம்மா. மூட வேண்டாம் என்று. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்த மைக் எங்கே இருக்கிறது?"

தன் பேரைச் சொல்லும்வரை தொடாமல் இருந்த ரோசம்மாவுக்கு, மரத்து ஸ்பீக்கர் வழியாக அந்தக் கேள்வி காதில் விழுந்தது. மைக்கை எடுத்தாள். தூக்கியதும் இரைச்சல் தேய்ந்தது.

"ஆறாம் லயத்துல, எங்க வீட்டுத் தரையிலங்க. தரைக்குள்ள தண்ணி ஓடுதுங்க. ரெண்டு மாசமா ஓடுதுங்க."

ரொபர்ட் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அவர் மைக் மூடிக் கிடந்தது, இருளப்பன் திறந்துவிட்டார். ரொபர்ட் பைலைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டி, அவசரத்தில் தமிழிலேயே கத்தினார்: "மேடம், விசாரிச்சிருக்கோம்! பக்கத்து வீட்டுக்காரரே சத்தம் இல்லன்னு சொல்லியிருக்காரு!"

இஞ்சினியர் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் புரிந்தது. "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார்? அவருக்குக் கேட்டதா, இல்லையா?"

எல்லாத் தலையும் மிக்சர் பக்கம் திரும்பியது.

ஐயாவு கண்ணால் சைகை காட்டினார், இல்லை என்று சொல்லு என்று. ரொபர்ட் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருளப்பன் ரொபர்ட்டின் மைக்கைப் பிடுங்கி எடுத்தார். பழக்கதோஷத்தில் "ஹலோ" என்றார். பிறகு ஒன் டூ த்ரீ வரவில்லை.

"கேட்டுச்சுங்க. ரெண்டு மாசமாவே கேட்டுச்சு. என் காதுதான் போயிருச்சுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா தொழிலு போயிருமேன்னு பயந்து, இந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லிட்டேன். அவ சொன்னதுதான் உண்மைங்க."

அதையே தன் வாயால் சிங்களத்திலும் சொன்னார். யாரையும் மொழிபெயர்க்க விடவில்லை. பலா மரத்து நான்கு புனலும் அதை மலை மலையாக எடுத்துப் போயின. தன் வெட்கத்தை ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அவரே தெளிவாக, துளி இரைச்சல் இல்லாமல், ஒலிபரப்பிவிட்டார்.

பட்டியலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இஞ்சினியர் அம்மா ஒன்றுதான் சொன்னார்: அந்த லயத்தில் ஓர் ஆள்கூட இன்றைக்கு மாலைக்குப் பிறகு இருக்கக் கூடாது. "ஆறாம் லயத்து ஆளுக எல்லாம் ஸ்கூலுக்கு வாங்க, சாமானப் பாக்காதீங்க" என்று இருளப்பன் மைக்கில் கத்தினார். ஐயாவுவின் மைக்கைத் திறந்துவிட மறந்தே போனார். தலைவர் நன்றியுரையைப் பாவம், வெறும் வாயாலேயே பேசி முடித்தார்.

ஐந்தாம் நாள் மழையில் லயத்தின் கடைசி இரண்டு காம்பராவும் தரையோடு உள்ளே இறங்கின. நல்லவேளை, ஆள் ஒருவரும் இல்லை. சீமெந்து பூசிய சுவரும் இறங்கியது, பதினொரு துண்டு வயரும் போனது. பன்னிரண்டு வீட்டில் ஆறு, ஆறாம் லயத்துக்கு என்று கடிதம் வந்தது. தன்னுடைய பேச்சால்தான் கொழும்பு அசைந்தது என்று ஐயாவு போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாடசாலை மண்டபத்தில் இருளப்பன் ஒரு மூலையில் மிக்சரைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தார். காதுக்குள் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அடுத்த பாயை விரித்துக்கொண்டிருந்த ரோசம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இங்க ஏதும் சத்தம் கேக்குதாண்ணே?"

"இல்ல ரோசம்மா. ஒண்ணும் கேக்கல."

இந்தத் தடவை அது உண்மை. ஆனாலும் ரோசம்மா பாயை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, தரையில் தன் காதை வைத்து வெகுநேரம் கேட்டுப் பார்த்த பிறகுதான் மகளைப் படுக்கச் சொன்னாள்.