செல்லாத சம்மதம்

இரும்பு மீட்டர் கோல் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம். எந்தத் துணிக்கடையில் கேட்டாலும் என் தோள்கள் தாமாகவே காதுவரை ஏறிக்கொள்கின்றன. எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் எங்கள் கடைக் கிடங்கு. அந்தக் கோலால்தான் அப்பா ஒருவனுடைய முழங்கையை உடைத்தார். எலும்பு உடைவது பெரிய சத்தமில்லை. அதன் பிறகு கோல் கீழே விழுந்ததுதான் பெரிய சத்தம். கஞ்சி மணக்கும் வேட்டிக் கட்டுகளின் மேல் ரத்தம் புள்ளி புள்ளியாக ஊறிக்கொண்டிருந்தது.

அவன் எங்கள் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். முப்பது வயது. என் தங்கைக்குப் பதினைந்து. ட்யூஷனுக்குப் போனவளைக் கூட்டிக்கொண்டுபோய் சாந்தோமில் ஒரு வாடகை அறையில் வைத்திருந்தான். கடை ஆட்கள் தேடிப் பிடித்து இருவரையும் அந்தக் கிடங்குக்கு இழுத்து வந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவன் உடைந்த கையைத் தாங்கிக்கொண்டே பேசினான். "அதுவாத்தான் சார் வந்துச்சு. நான் இன்னா கட்டி இஸ்துகினா வந்தேன்? நீங்களே கேளுங்க."

தங்கை தலையைத் தூக்கவில்லை. "ஆமா. நானாத்தான் போனேன்."

அப்பா அறைந்தார். பல் குத்தி அவள் உதடு பிளந்தது. தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டாள், மஞ்சள் தாவணி.

"யோவ் பெரியவரே, இங்க கைய நீட்டாத," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "வக்கீலப் பாரு. பொண்ணு வயசுலதான் கேஸே கீது."

மயிலாப்பூரில் வக்கீல் அறையில் மின்விசிறி சுற்றியும், தங்கையோடு சேர்த்து எங்கள் நாலு பேருக்கும் வேர்த்தது.

"பாருங்கோ, வயசுக் கோடு ரெண்டு இருக்கு. பதினெட்டு ஆகாத பொண்ணைப் பெத்தவாளுக்குத் தெரியாம கூட்டிண்டு போனாலே கடத்தல். அவளே வந்தாங்கறது எடுபடாது. ஆனா அந்த ரூம்ல நடந்ததுக்குப் பதினாறுதான் கோடு. பதினாறு ஆகலைன்னா, அவ ஆமான்னு சொன்னாலும் சட்டத்துக்கு அது ஆமா இல்லை. ஆயிடுத்துன்னா, அந்த ஆமாவைப் பிடிச்சுண்டே பெரிய குத்தத்திலேர்ந்து நழுவிடுவன். ஸ்கூல்ல என்ன வயசு?"

"பதினாறு," என்றார் அப்பா.

"பதினஞ்சு," என்றாள் அம்மா.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதி கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தங்கை நெடுநெடுவென்று வளர்ந்தவள். நாலு வயதில் விரல் காதுக்கு மயிரிழை எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினார். தொட்டுவிட்டாள். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஒரு வயது கூட்டி எழுதினார். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான்.

"ஆஸ்பத்திரில பொறந்தவதானே? கார்ப்பரேஷன்ல நெஜத் தேதி இருக்கும்," என்றார் வக்கீல். "ஆனா ரெண்டு தேதி ஏன்னு எதிர்க்கட்சி வக்கீல் கிழிப்பன். நீங்க கூண்டுல ஏறி, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"கோர்ட்டுல பொய்யன்னு நிக்கவா? அப்புறம் எவன்வே என் கடைக்கு வருவான்?"

வீட்டுக்கு வந்ததும் அடி தொடங்கியது. அம்மாவை அடித்தார், பித்தளைக் குடத்தைச் சுவரில் எறிந்தார், குறுக்கே விழுந்த என்னை உதைத்தார். கடைசியில் தங்கையின் சடையைப் பிடித்தார். "நானாத்தான் போனேன்னியே, ஏட்டி! அந்த வாய வச்சுக்கிட்டு எதுக்கு இன்னும் உசுரோட இருக்க?"

அம்மா எழுந்து வந்து, அவர் கையிலிருந்து அந்தச் சடையை விரல் விரலாகப் பிரித்தாள். மூக்கிலிருந்து வடிந்ததைத் துடைக்கவில்லை. "நீரு கூண்டுல ஏறலேன்னா, நான் ஏறுவேன். இந்த மூஞ்சியோட ஏறுவேன். யாரு அடிச்சான்னும் சேத்தே சொல்லுதேன்."

அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நானே சொல்லுதேன். ஆனா கேசு முடியற வரைக்கும் இவ என் கண்ணுல படக்கூடாது."

அசோக் நகர் அத்தை வீட்டுக்கு அவளை அனுப்ப வாசலில் ரிக்‌ஷா நின்றது. துணிமூட்டையை நான் ஏற்றினேன். வீங்கிய உதட்டோடு ஏறி உட்கார்ந்தவள், ரிக்‌ஷாக்காரர் பெடலில் காலை வைக்கும் நேரம், அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"நான் சொன்ன ஆமா செல்லாதுன்னா, அதுக்காக என்னை எதுக்குப்பா அடிச்சீங்க?"