கடலில் இல்லாத தீவு

கண்ணாடிப் பெட்டிகளில் பதிந்திருந்த மூக்குத் தடங்களை யோகமலர் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போயிருந்தார்கள். தொலைநோக்கி இருக்கும் பெட்டியில் மூக்குகள் இடுப்பளவு உயரத்தில் இருந்தன. நட்சத்திரம் பார்த்துத் திசை அறியும் பித்தளைக் கருவியின் பெட்டியில் மூக்கோடு நெற்றியும் சேர்ந்து பதிந்திருந்தது. பெரிய கடல் வரைபடத்தின் கண்ணாடியில் மட்டும் எப்போதும் விரல்கள்தான். "ஊரைக் காட்டுறதெண்டா ஒருத்தருக்கும் வாய் வேலை செய்யாது, விரல்தான்" என்பார்.

துடைப்பது அவருடைய வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் விடியவே வந்து போகிறார்கள். யோகமலர் அறைக் காவல். பல வருஷம் இதே லண்டன் மியூசியத்தில் துப்புரவு வேலை செய்து, முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் இந்தக் கதிரையில் உட்காரும் வேலைக்கு மாற்றினார்கள். ஆள் கதிரைக்கு வந்தாலும் கை இன்னும் வரவில்லை. கோட்டுப் பையில் ஒரு மஞ்சள் துணி மடித்தபடி இருக்கும்.

ஐந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பியர்கள் கடலில் இறங்கிக் கண்டதையும் காணாததையும் வரைந்து வைத்தவைதான் அந்த அறை முழுக்க. சுவரில் மாலுமிகளின் எண்ணெய் ஓவியங்கள். அவர்களுடைய பெயர்கள் யோகமலரின் நாக்கில் ஏறவில்லை. தானே பெயர் வைத்திருக்கிறார். கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக வெள்ளைத் துணி வைத்திருப்பவர் இடியாப்பக் கழுத்தர். பூகோள உருண்டையின் மேல் கை வைத்து நிற்பவர் பூசணிக்காய் யாவாரி. வரைபடத்தை யாராவது தட்டினால் மட்டும் கதிரையை விட்டு எழுந்து தன் ஆங்கிலத்தில் சொல்வார்: "நோ டச்சிங், டார்லிங். ஹீ இஸ் வெரி ஓல்ட். ஸ்கின் பெயினிங்." பிள்ளைகள் கையை எடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டுக் கழிப்பறைக்கு வழி கேட்பார்கள்.

வேலைக்கு வரும்போதும் நெற்றியில் குங்குமப் பொட்டு. வகிட்டிலும் ஒரு துளி. வெள்ளிக்கிழமை லீவு எடுத்து வெம்பிளியிலிருந்து இரண்டு ரயில் மாறி ஆர்ச்வே முருகனிடம் போவார். அர்ச்சனைத் தட்டை நீட்டி, "புவனேந்திரன், அனுச நட்சத்திரம். யோகமலர், பூரம். கீர்த்திகா, ரோகிணி" என்பார். முதல் பெயர் கணவருடையது, கடைசிப் பெயர் மகளுடையது. அந்த மூன்று பெயர்களும் அப்படித்தான், உயிரோடு இருப்பவர்களின் வரிசையில், மணியோசைக்கு நடுவே சொல்லப்படும்.

புவனேந்திரன் யாழ்ப்பாணத்து நெல்லியடியில் ரேடியோ திருத்துகிறவராக இருந்தார். கீர்த்திகாவுக்கு மூன்று வயதானபோது, முதலில் தான் போய்ப் பிறகு இருவரையும் கூப்பிடுவதாகச் சொல்லி, ஐரோப்பாவுக்குக் கள்ளமாக ஆள் அனுப்பும் கொழும்பு ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிக்கிட்டார். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு தரம் பேசினார். "இஞ்சை மீன் நல்ல மலிவு. பிள்ளை சாப்பிட்டதோ? வாற கிழமை கப்பல் ஏத்துவினமாம்." அதோடு சரி. படகு ஸ்பெயினில் இறங்கிவிட்டதாக ஏஜென்சிக்காரன் ஒரு மாதம் சொன்னான். கடலில் மூழ்கித் தாண்டுவிட்டதாக அடுத்த மாதம் சொன்னான். பிறகு அவனையும் காணவில்லை. படகு தாண்டதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. கரை சேர்ந்ததைக் கண்டவரும் இல்லை. யோகமலர் பிள்ளையோடு வேறு வழியால் லண்டன் வந்து சேர்ந்தார். கீர்த்திகாவுக்கு இப்போது இருபத்தெட்டு.

மியூசியத்துப் பெரிய வரைபடத்தில் அந்தக் கரை இருக்கிறது. யானையும் பனைமரமும் கீறிய கரை. அதற்கு நேரே, நடுக் கடலில், அவரைவிதை அளவில் பச்சை நிறத்தில் ஒரு தீவு. கதிரையில் இருந்தால் அது நேராகக் கண்ணில் படும். கதிரையை அப்படிப் போட்டது யோகமலர்தான்.

அறைக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஸ்ரீனிவாஸ் என்ற சென்னைக்காரர் ஒருவர் வருவார். ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவர், முப்பது வயதிருக்கும், கலகலப்பான ஆள்.

"என்ன ஆன்ட்டி, இன்னிக்கு இடியாப்பக் கழுத்தர் எப்படி இருக்கார்?"

"சொதி கேக்கிறார்."

மழை பெய்து ஆட்கள் குறைந்த ஒரு பின்னேரம், யோகமலர் அவரை நிறுத்திக் கேட்டார். "தம்பி, உந்தத் தீவு என்ன தீவு?"

"அது தீவே இல்ல ஆன்ட்டி."

"கீறியிருக்கு. பெயரும் எழுதியிருக்கு. நீர் இல்லையெண்டுறீர்."

"யாரோ ஒரு கேப்டன் தூரத்துல மேகத்தப் பார்த்துட்டு தீவுன்னு எழுதிட்டார். அதுக்கப்புறம் படம் போட்டவங்க எல்லாரும் அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க."

"அந்தப் பக்கம் வேறை கப்பல் போகேல்லையோ?"

"எத்தனையோ போச்சு. எதுவும் கண்ணுல படல. ஆனா பார்க்கலைங்கறதுக்காக இல்லைன்னு சொல்லிட முடியுமா? அழிச்சுட்டு, நாளைக்கு ஒரு கப்பல் போய் மோதிட்டா? அந்தப் பயத்துல யாரும் கை வைக்கல. பின்னாடி வந்த படங்கள்ல பக்கத்துல பொடி எழுத்துல 'இருப்பது சந்தேகம்'னு மட்டும் போட்டு வச்சாங்க. ரொம்ப வருஷம் அப்படியே இருந்துச்சு."

"பேந்து ஆர் அழிச்சது?"

"யாரோ ஒரு ஆபிஸ்ல யாரோ ஒருத்தர். புதுப் படம் அச்சடிச்சு வந்தப்போ தீவு இல்ல. அவ்வளவுதான்."

"சொல்லாமலோ?"

ஸ்ரீனிவாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார்கிட்ட சொல்லணும் ஆன்ட்டி?"

யோகமலர் சிரிக்கவில்லை. "நல்ல ஆக்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தார்.

வெம்பிளி வீட்டு முன்னறைச் சுவர் வெறுமையானது. முருகன் கலண்டர், கீர்த்திகாவின் பட்டமளிப்புப் படம், ஒரு மணிக்கூடு. புவனேந்திரனின் படம் இல்லை. நம்மவர் வீடுகளில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏற்றுவது செத்தவர்களைத்தான் என்பதால், யோகமலர் அதை ஏற்றவே இல்லை. இருந்த ஒரே படத்தை அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு கடித உறைக்குள் வைத்திருந்தார். அப்பாவின் முகம் தெரியாமலே அந்தப் பிள்ளை அந்தச் சுவருக்கு முன்னால் வளர்ந்தாள்.

போன சனிக்கிழமை பின்னேரம் தவநாயகி ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தார். கீர்த்திகாவைக் கட்டப்போகும் கிருஷாந்தின் தாய். மனத்தில் கள்ளம் இல்லாத மனுசி; எங்கே போனாலும் வெறுங்கையோடு போகத் தெரியாதவர். இரண்டு பை கொண்டுவந்திருந்தார். ஒன்றில் பருத்தித்துறை வடை. மற்றதில், பூப்போட்ட தாளில் சுற்றி, அகலமான ஒன்று.

"அக்கா கோவிக்கக் கூடாது" என்றபடி தாளைப் பிரித்தார். "மணவறைக்குப் பக்கத்திலை ஒரு கதிரையிலை வைப்பம். சம்பந்தியின்ரை படம் பெரிசா இருக்கோணும் எண்டு என்ரை மனுசனும் சொல்லிப் போட்டார். மாலை தனியா வாங்கினனான், பிறகு போடலாம்."

பொன்னிறச் சட்டத்துக்குள் புவனேந்திரன். அலுமாரிப் படத்தின் அதே முகம். அதே, கொஞ்சம் இடப்பக்கம் சரிந்த மீசை. ஆனால் கறுத்தக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருந்தார்.

யோகமலர் மகளைப் பார்த்தார். கீர்த்திகா நிலத்தைப் பார்த்தாள்.

"நான்தான், அம்மா. அலுமாரியிலை இருந்த படத்தைப் போனிலை எடுத்து அனுப்பினனான்."

"படத்திலை வெறும் சேர்ட்டோடை நிண்டவர்" என்றார் தவநாயகி அவசரமாக. "கலியாணத்துக்கு வடிவில்லை எண்டு ஸ்டூடியோக்காரனைக் கொண்டு ஒரு கோட்டுப் போடுவிச்சனான்."

"குளிருக்கு நல்லது" என்றார் யோகமலர்.

தவநாயகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நான் தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் தேவைக்கு மேல் நெடுநேரம் ஓடியது.

கீர்த்திகா தாயின் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். "அம்மா, நான் ஐயரோடை கதைச்சனான். உடம்பு கிடைக்காட்டிலும் செய்யலாமாம். தருப்பைப் புல்லிலை ஆள் மாதிரிச் செய்து வச்சு, அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிக்கலாமாம். கலியாணத்துக்கு முன்னம் செய்தால்தான் படத்தை வைக்கலாம். அப்பாவின்ரை இடத்திலை தாய்மாமா என்னைத் தாரை வார்த்துத் தருவார்."

"புல்லிலையோ?"

"அம்மா, பிளீஸ்."

"அவர் எங்களை விட்டிட்டுப் போன ஆள் இல்லை, பிள்ளை."

"அப்ப செத்துப்போனார் எண்டு சொல்லுங்கோ."

"அதுவும் எனக்குத் தெரியாது."

"ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ, அம்மா!" குரல் உயர்ந்தது, குசினியை நினைத்துத் தணிந்தது. "ஸ்கூல்லை கேட்டவை. கோயில்லை கேட்டவை. இப்ப கிருஷாந்தின்ரை ஆக்கள் கேக்கினம். செத்த அப்பா எண்டா சனம் அழும். காணாமல்போன அப்பா எண்டா சனம் கதைக்கும். ஆரோ ஒருத்தியோடை எங்கையோ இருக்கிறார் எண்டு கதைக்கும். ஐ ஆம் டயர்ட், அம்மா. எனக்கு ஒரு அப்பா வேணும். படமா எண்டாலும் பரவாயில்லை."

யோகமலர் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கோட்டின் கழுத்துப் பட்டியிலே விரலை வைத்தார். அதற்குள்ளே இருக்கவேண்டிய சேர்ட்டின் கோடுகளைத் தேடுகிறவர் போல. மேசையில் மாலை, பொலித்தீன் உறைக்குள், பிரிக்காமல் கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

"நான் ஐயரிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டாள் கீர்த்திகா.

குழாய் நின்றது. குசினியில் கோப்பைகள் தட்டுப்பட்டன.

"சொல்லட்டோ, அம்மா?"

யோகமலர் ஒரு கையால் முழங்காலைப் பிடித்து எழும்பினார். தான் இருந்த இடத்தில், சோபாவில், படத்தை நிமிர்த்தி வைத்தார். அது சரிந்தது. ஒரு குஷனை எடுத்து முதுகுக்கு அண்டக் கொடுத்து, மகளின் பக்கம் முகம் திரும்பும்படி கொஞ்சம் நகர்த்தி, இனி விழாது என்று கையை எடுத்துப் பார்த்தார். பிறகு அறையை விட்டுப் போனார்.