நண்டு முளையத்தில் தெரிந்த கோடுகள்

பிறபொருளெதிரி என்ற கலைச்சொல்லை ஆக்கியவர்கள் ஒருநாளும் சோதனைச் சாவடி வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். குறித்த ஒரு புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பொருளுக்கு நல்ல பெயர்தான். யுத்த காலத்தில் திருகோணமலைக்குக் கொண்டுவரத்தான் அது உதவாது. கொழும்பில் அதைத் தந்த நண்பர் தமிழ்ப்பற்று மிக்கவர். சின்னக் குப்பியில் அந்தச் சொல்லை முழுதாக எழுதி ஒட்டியிருந்தார்.

கந்தளாய்ச் சாவடியில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஐஸ் பிளாஸ்க்கிலிருந்து குப்பியை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"எதிரி எண்டு போட்டிருக்கு. ஆருக்கு எதிரி?"

"ஈயின்ர உடம்பில இருக்கிற ஒரு புரதத்துக்கு, ஐயா."

"நாங்கள் இஞ்ச ஆரோட மல்லுக்கட்டுறம், நீங்கள் ஈயோட!"

மற்றப் பொலிஸ்காரர்களுக்கும் அதைச் சொல்லிச் சிரித்து முடித்தபிறகே குப்பியைத் தந்தார். ஐஸ் தண்ணீராகியிருந்தது.

உள்துறைமுகத்தைப் பார்த்த எங்கள் ஆய்வுகூடத்தில், கிண்ணியாவிலிருந்து வரும் உதவி ஆய்வாளர் காத்திருந்தார். அவருடைய பட்டப்பின்படிப்பு முழுவதும் அந்தக் குப்பியை நம்பியிருந்தது. இன்னொன்று கிடைக்க வழியில்லை. வளரும் ஈயின் உடல் எங்கெங்கே துண்டங்களாகப் பிரிய வேண்டும் என்று, மற்றப் பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, இயக்கியும் அடக்கியும் தீர்மானிக்கும் புரதம் ஒன்று உண்டு. எங்கள் துறைமுகத்து நண்டிலும் அது அதே வேலையைச் செய்கிறதா என்பதே அவருடைய கேள்வி.

"சேர், சூட்டில பழுதாப் போயிருக்குமோ?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

சினை நண்டின் முட்டைகளை அவர் ஊசிமுனையால் உரித்து, உள்ளே வளரும் முளையங்களை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் மட்டும் பிறபொருளெதிரியை இடாமல் விட்டோம். அதிலும் நிறம் வந்தால், மற்றவற்றில் தெரிவதும் வெறும் கறைதான். வெறும் கறையைக் கண்டு விருந்து வைத்த கலாநிதிகளை நான் அறிவேன். அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் நிறம் வர ஐதரசன் பேரொட்சைட் வேண்டும். அதுவோ குண்டு செய்ய உதவும் என்று தடைசெய்யப்பட்ட பொருள். காயம் கழுவ வைத்திருந்ததில் கொஞ்சம் ஆஸ்பத்திரியில் இரந்து வாங்கினோம்.

நுணுக்குக்காட்டியில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு தலைக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு மண்ணிறக் கோடு. அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு துண்டத்தின் பின்விளிம்பிலும், உயிர்க்கலங்களின் கருக்களுக்குள் மட்டும், யாரோ அளந்து கீறியதுபோல் அவை இறங்கிக்கொண்டே போயின. ஈயில் எங்கே நிற்குமோ அங்கேயே நின்றன. ஈயும் நண்டும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தபோது பூமியில் மீனே புதுசு. அவ்வளவு காலமாக இரண்டும் ஒரே உத்தரவை மாற்றாமல் வைத்திருந்தன. மாதத்துக்கொரு சுற்றுநிருபம் கண்ட அரச ஊழியனான நான், எழுந்து அவருக்குக் கதிரையைக் கொடுத்தேன்.

அவர் என்னை நம்பாமல், பிறபொருளெதிரி இடாத கிண்ணத்தை முதலில் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. பிறகு கோடுகளைப் பார்த்தார்.

"சுபஹானல்லாஹ்" என்றார், மிக மெதுவாக.

"தள்ளுங்கோ, இன்னொருக்காப் பாப்பம்."

"ஏலாது சேர். இது என்ர நண்டு" என்றார், கண்ணை எடுக்காமலே. கதிரையையும் தரவில்லை.